நோரா நிறுத்திய இடம்

"பாதிப் பாட்டு தொலைஞ்சு போச்சு, குருவே. இனி எங்கே போய்த் தேடுவேன்?"

கேட்டவன் கொலம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நாட்டார் நாடகக் குழு நடத்துகிறவன். பழைய பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடக் கூடாதென்று தீவு தீவாக அலைந்து, கிடைத்ததையெல்லாம் மேடையேற்றுகிறவன். நல்ல மனுஷன்தான். ஆனால் அவசரக்காரன். ஐம்பது வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை.

அவனுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த ஓர்லா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எந்தப் பாட்டு?"

"படகு மூழ்கின பாட்டு. ஆறு சரணம். தீவுல நோரா ஒருத்திக்குத்தான் தெரியும். கெஞ்சிக் கூத்தாடி மேடைக்குக் கூட்டிட்டு வந்தேன். மூணு சரணத்தோட நின்னுட்டா."

"மறந்துட்டாளா?"

"அப்படித்தான் நினைச்சேன். தவிக்கிறாளேன்னு பிடில்காரரை வாசிக்கச் சொல்லி, ஆட்டக்காரங்களை இறக்கிட்டேன். ஒரே கைதட்டல். அவ ஊருக்குப் போனவதான், அப்புறம் பாடவே இல்லை. போன வாரம் அடக்கம் பண்ணிட்டோம்."

தான் வருந்துவது பாட்டுக்காகவா, நோராவுக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

"தெரிஞ்ச வரைக்கும் பாடு" என்றாள் ஓர்லா.

பாடினான். இரண்டாம் சரணத்தில் அவள் எழுந்து வந்து, மாவு ஒட்டிய கையால் அவன் கையைப் பிடித்தாள். பாட்டின் போக்குக்கு ஏற்ப, திருகை சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றினாள். தீவில் அதுதான் வழக்கம். பாட்டு கனக்கத் தொடங்கும்போது பக்கத்தில் இருக்கும் யாராவது பாடுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். முடியும்வரை விடமாட்டார்கள்.

மூன்றாம் சரணம் முடிந்தது. கொலம் நிறுத்தினான். அவள் கையை விடவில்லை.

"மேடையில அவ கையை யார் பிடிச்சா?"

"யாரும் பிடிக்கலை."

"யாருமேவா?"



"அவ அண்ணன் முன்வரிசையில இருந்து எழுந்து வந்தார். ஜனங்களுக்கு மறைக்குமேன்னு நான்தான் சைகை காட்டி உட்கார வெச்சேன்."

"நோரா?"

"கையை நீட்டிக்கிட்டே நின்னா."

"எவ்வளவு நேரம்?"

"நான் பிடிலை வாசிக்கச் சொல்ற வரைக்கும்."