கொக்கியின் கழுத்தில் தொங்கிய ஹாரன்

வண்டிகளே வாய் பேசி, வண்டிகளே வீடு கட்டிக் குடித்தனம் நடத்திய ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊரில், ஒரு சந்துக்குள், பவளம் என்ற சிவப்பு மொபெட் மாவு கட்டிக்கொண்டிருந்தாள். அண்டாவில் பொங்கி நின்ற இட்லி மாவைக் கரண்டியால் மொண்டு கவரில் ஊற்றுவாள். வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுவாள். கட்டி முடித்ததும் இரண்டு கைப்பிடியிலும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு விற்கக் கிளம்பிவிடுவாள்.

அவள் வீட்டுக்காரன் லாரி. வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. மகள் சிட்டு ஒரு நடைவண்டி. மூன்று மரச்சக்கரத்தில் வீடு முழுக்கத் தடக் தடக்கென்று அலைவாள்.

பவளத்துக்குக் கூச்சம் ஜாஸ்தி. ஹாரன் இருந்தும் அடிக்க மாட்டாள். வழியில் மாடு படுத்திருந்தால், அது தானாக எழுந்து போகும்வரை பக்கத்தில் நிற்பாள்.

சிட்டு பிறப்பதற்கு முன்பு, ஆஸ்பத்திரி ரோட்டு வேப்பமர நிழலில் நின்று மாவு விற்றாள். அங்கே வண்டி நிறுத்தக்கூடாது. அதைச் சொல்வதற்கென்றே பலகை ஒருவன் ஒற்றைக்காலில் நின்றான். அவன் மூன்று தடவை அவளுக்கு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தான். எங்கே கட்டணும், எப்படிக் கட்டணும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பாக்கெட் மாவை அவன் தோளில் மாட்டிவிட்டாள்.

"நல்லா இரும்மா" என்றான் பலகை.

வாங்கிக்கொண்டானே, அதோடு முடிந்தது என்று பவளம் நினைத்தாள். சீட்டுகளைத் தன் சாமான் பெட்டிக்குள், ஸ்பேனருக்கும் அழுக்குத் துணிக்கும் அடியில் போட்டு மூடினாள். அப்புறம் இடத்தை மாற்றிக்கொண்டாள். சிட்டு பிறந்தாள், நடக்கப் பழகினாள். சீட்டு இருப்பதே மறந்து போயிற்று.

ஒரு நாள் வாசலில் கொக்கி வந்து நின்றான். பழைய பாக்கிகளை வசூலிக்கக் குத்தகை எடுத்தவனின் ஆள். வளைந்த இரும்பு, அதற்கு மேலே ஒரு முழச் சங்கிலி, அவ்வளவுதான் அவன்.

"பவளம் அக்கா வீடுதானே? மூணு சீட்டு பாக்கி இருக்கே அக்கா."

"அது அப்பமே முடிஞ்சு போச்சே."

"யாரு சொன்னா? உங்க பெட்டிக்குள்ளதான் கிடக்கு. இத்தனை வருஷமா வளந்து வளந்து இப்போ ஆளுயரம் ஆயிருக்கும். தப்பித் தவறித் தெறந்துறாதீங்க. கண்ணால பாத்தா நெஞ்சு தாங்காது."

பவளத்துக்கு இன்ஜின் அடங்கிப் போயிற்று. பின்னால் இருக்கிற தன் பெட்டியே தனக்குப் பாரமாய்த் தெரிந்தது.

"இப்ப என்ன செய்ய?"

"நான் இருக்கேன்லா, பேசிப் பாக்கேன். இன்னைக்கு வந்து போன செலவுக்கு மட்டும் அந்தக் கண்ணாடியக் குடுங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை நெற்றியில் மாட்டிக்கொண்டு போனான்.

அடுத்த வாரமும் வந்தான். பேசிப் பார்த்ததாகவும், மேலே கோபமாக இருப்பதாகவும் சொன்னான். ஹாரனை வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டான். அதற்கும் அடுத்த வாரம் ஹெட்லைட் போயிற்று. அதை மார்பில் பொருத்திக்கொண்டான். இப்போதெல்லாம் அவன் சந்துமுனையில் திரும்பும்போதே வெளிச்சம் வந்து சுவரில் அடிக்கும். ஹாரன் சத்தம் தெருவையே அதிர வைக்கும். கோழிகள் சிதறி ஓடும். பவளம் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வாள்.

"யம்மா, அந்த மாமா ஏன் உன் சத்தத்துல வாராரு?" என்று சிட்டு கேட்டாள்.

"சும்மா இரிட்டி" என்றாள் பவளம்.

கண்ணாடி இல்லாமல் பின்னால் யார் வருகிறார் என்று தெரியவில்லை. ஆனாலும் ஓரமாய்ப் போய் மாவு விற்றுவிட்டு வந்தாள். விற்ற மாவுக்குக் குறை சொல்ல ஆளில்லை. வீட்டில் உளுந்து இருந்தது, அரிசி இருந்தது, சிட்டுவின் தடக் தடக் இருந்தது. அந்தக் கொக்கி ஒருவன் மட்டும் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்குக் கொக்கி வந்தவன் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த சிட்டுவைப் பார்த்தான்.

"நல்ல மரம். தேக்கா அக்கா?"

பவளம் வாசலை மறைத்து நின்றாள்.

"மூணு சீட்டு, மூணு சக்கரம். கணக்குச் சரியா இருக்கு. நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன். பிள்ளைய வீட்டுக்குள்ளயே உக்கார வச்சுப் பழக்குங்க" என்று சொல்லிவிட்டு ஹாரனை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனான்.

அவன் போனபின் பவளம் கதவைச் சாத்தினாள். சிட்டு ஒரு சுவரில் முட்டி, திரும்பி, இன்னொரு சுவரில் முட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நாளைக்கு இருக்காது என்று நினைத்தபோது பவளத்துக்கு உள்ளே என்னவோ சூடாகிக்கொண்டு வந்தது. ஆளுயரச் சீட்டு வெளியே வந்து தன்னை விழுங்கினாலும் விழுங்கட்டும் என்று பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அழுக்குத் துணி அசைந்தது. உள்ளங்கை அகலத்தில் மூன்று சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாய் எட்டிப் பார்த்தன. ஒருத்தி மேல் ஆயில் கறை.

"அப்பாடா, காத்து வருது" என்றாள் மூத்த சீட்டு.

"இந்த ஸ்பேனரு ராத்திரி பகலாக் குறட்டை விடுதான். நாங்க எப்படி இருக்கோம்னு ஒரு தடவை எட்டிப் பாத்தியாம்மா?" என்றாள் ஆயில் கறைக்காரி.

பவளம் திகைத்துப் போனாள். "நீங்க வளந்து ஆளுயரம் ஆயிட்டதாச் சொன்னாங்களே."

"வளரவா? இதுக்குள்ள எங்களுக்கு யாரு சோறு போட்டா? இவ்வளவு நாள் கிடந்ததுக்கு மூத்தவ மேல ஓரத்துல தாமத வட்டின்னு ஒரு கோடு விழுந்திருக்கு. அது நியாயம்தான், நீ கட்டணும்" என்றாள் ஆயில் கறைக்காரி.

கடைசிச் சீட்டு மெல்லச் சொன்னாள்: "எங்களக் கொண்டுபோய் அபராதம் கட்டுற ஆபீஸ் ஜன்னல்ல விட்டுரு. நாங்களும் எங்க வீட்டுக்குப் போகணும்லா."

பவளம் மாவு விற்ற காசை எடுத்துக்கொண்டாள். சிட்டுவைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். வாசல்வரை போய்விட்டாள், உள்ளே போகத்தான் கூச்சம். இரண்டு தரம் கட்டடத்தைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றுக்குத் திரும்பும்போது ஜன்னலே கூப்பிட்டான். அரைக்கதவைத் திறந்து வைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

"யாரும்மா அது, கோயிலச் சுத்துற மாதிரி சுத்திக்கிட்டு? வா இங்க."

அவள் சீட்டுகளை நீட்டினாள். ஜன்னல் புரட்டிப் பார்த்தான்.

"இதுக்கா இத்தனை வருஷம்?"

"பலகைக்கு மாவு குடுத்தேன். அதுலயே கழிஞ்சிருக்கும்னு..."

"அவனுக்கு அடுப்பே கிடையாதேம்மா. ஒத்தக்கால்ல நிக்கிறவன் எங்க போயி இட்லி ஊத்துவான்? காக்காவுக்கு வச்சிருப்பான்."

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியே கேட்டாள்: "கொக்கிகிட்ட கண்ணாடி, ஹாரன், லைட்டு எல்லாம் குடுத்திருக்கேன். அதக் கழிச்சுக்கிடுவீகளா?"

"இங்க ஒண்ணும் வந்து சேரலையே. பாக்கி இருக்குன்னு சொல்லிட்டு வரத்தான் அவனுக்கு உத்தரவு. ஒரு திருகாணியக்கூட தொடக்கூடாது."

ஜன்னல் காசை வாங்கி, சீட்டுகள் மேல் டப் டப் டப்பென்று முத்திரை குத்தினான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிப்போனார்கள். திரும்பி வரும்போது பவளத்துக்குத் தன் பெட்டி காலியாய், காற்றுப்போல இருந்தது. சிட்டு ரோடு முழுக்கத் தடக் தடக்கென்று முன்னால் ஓடினாள். வீட்டுக்கு வந்ததும் பவளம் நாளைக்கு வேண்டிய உளுந்தை ஊறப் போட்டாள்.

மறுநாள் பவளம் வாசலில் மாவு கட்டிக்கொண்டிருந்தாள். சந்துமுனையில் வெளிச்சம் அடித்தது, ஹாரன் அலறியது, கோழிகள் சிதறின. பவளம் கையிலிருந்த கவரை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

வெளிச்சம் அவளுடையது. சத்தம் அவளுடையது. நெற்றியில் மின்னுவது அவளுடையது. நடுவில் ஒரு முழச் சங்கிலியும் வளைந்த இரும்பும் இருந்தன.

"என்ன அக்கா, பிள்ளை சக்கரத்தக் கழத்தி வச்சாச்சா?"

"ஆபீஸ்ல கட்டியாச்சு" என்றாள் பவளம். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

கொக்கி சிரிக்கப் பார்த்தான். சங்கிலி ஒரு தரம் கிலுங்கி அடங்கியது. "சரிக்கா, சந்தோஷம். அப்ப இன்னைக்கு வந்து போன செலவுக்கு எதாவது..."

பவளம் ரப்பர் பேண்டைப் போட்டு முடித்துப் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் கண்ணாடியக் கழத்தி இந்தப் படியில வைங்க. லைட்டையும் வைங்க. ஹாரனப் பாத்துக் கழத்தணும், வயர் அறுந்துரும்."

"யம்மா" என்று உள்ளிருந்து சிட்டு கூப்பிட்டாள். "உளுந்துச் சட்டிய உருட்டிட்டேன். சீக்கிரம் வாயேன்."

"இந்தா வாரேன்" என்று பவளம் திரும்பினாள். "வச்சிட்டுப் போங்க அண்ணே. நான் பிள்ளையப் பாத்துட்டு வந்து, எல்லாம் சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிடுதேன்." அவள் முதுகுக்குப் பின்னால், படியில் கண்ணாடியை வைக்கும் சத்தம் கேட்டது.