முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரை எழுதிய முதல்வர்

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எஸ். செல்வராஜ் என்று ஒரு முதல்வர் இருந்தார். பாடம் இயற்பியல், பெருமை அதைவிடப் பெரியது. அவருக்கு ஆய்வு விருது தரலாமா என்று பார்க்க ஒரு குழு வரும் நாளில், நூலகத்தில் ஒப்பந்த வேலை பார்த்த சகாயமேரியைக் கூப்பிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள என் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் வேணும். முந்நூறுக்குக் குறைஞ்சா உன் ஒப்பந்தம் இத்தோட சரி."

அவ்வளவெல்லாம் அவர் எழுதியதில்லை என்று கல்லூரிக்கே தெரியும்.

"சார், ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனி அடையாள எண் தர்றாங்க. அதை வாங்கிட்டா, நீங்க எழுதினது மட்டும் உங்க கணக்குல சேரும்."

"நம்பர் ஒட்ட நான் என்ன டவுன் பஸ்ஸா? என் பேரைப் போட்டுத் தேடு. வர்றதை எல்லாம் எழுது!"

கணினியில் தேடினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அப்படியே குழுவிடம் கொடுத்தாள்.

குழுத் தலைவி பட்டியலைப் புரட்டினார். "வெள்ளாட்டுக் கழிச்சல் பத்தியும் எழுதியிருக்கீங்களா?"

"ஒரு ஆர்வம்தான் மேடம்."

"அம்பத்தெட்டாம் வருஷத்துல வந்தது ஒண்ணு இருக்கே?"

"அப்போ சின்ன வயசு மேடம்."

"நீங்க பிறந்ததே அறுபத்தஞ்சுலதானே? சரி, 'செல்வராஜின் கொள்கை முழுத் தவறு'ன்னு நீங்களே ஏன் எழுதினீங்க?"

முதல்வர் சகாயமேரி பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?"

"நீங்க சொன்னபடி பேரைப் போட்டேன் சார். அந்தப் பேர்ல நாற்பது பேர் எழுதுறாங்க. எது யாரோடதுன்னு பேருக்கு எப்படித் தெரியும்?"

"இவரோடது எத்தனைம்மா?" என்றார் தலைவி.

"பதினொண்ணு மேடம். பதினொண்ணும் நல்லாவே இருக்கும்."

தலைவி சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க சார்."

முதல்வர் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுமுன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த அடையாள எண்ணை எங்கம்மா வாங்கணும்?"