எல்லாருக்கும் முதல் வாய்

ஒரு காட்டில் சிங்கம்தான் ராஜா. ஆனால் அந்தக் காட்டை ஆண்டது சிங்கம் இல்லை, பிள்ளைகளே! வேழம்மாள் என்ற பெண் யானைதான் ஆண்டது. அவள்தான் அந்தக் காட்டின் பிரதமர்.

அதெப்படி என்கிறீர்களா? யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று பிரதமர்தான் முடிவு செய்வாள். ஒழுங்காக வேலை பார்க்காத அமைச்சரை வீட்டுக்கு அனுப்புவதும் அவள்தான். அவள் எடுத்த முடிவைச் சிங்கராஜா பாறைமேல் ஏறி நின்று கர்ஜித்து அறிவிப்பார். உடனே அது சட்டமாகிவிடும்.

இத்தனை அதிகாரத்துக்கும் ஒரு கடிவாளம் இருந்தது. சபை கூடும்போது பிரதமர் மருதமரத்தடியில் முன்னால் நிற்க வேண்டும். அவளை நம்புகிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். பாதிக்கு மேல் வேறொருவர் பின்னால் போய்விட்டால், அன்றோடு பதவி போச்சு!

அந்த வருஷம் கோடை கொளுத்து கொளுத்தென்று கொளுத்தியது. காட்டில் ஒரே ஒரு குளம்தான் வற்றாமல் மிஞ்சியது. அதிலும் கொஞ்சம்தான் தண்ணீர். மான்களெல்லாம் குட்டி போட்டிருந்த நேரம் வேறு.

வேழம்மாள் சபையைக் கூட்டினாள். "பால் கொடுக்கும் தாய்களும் குட்டிகளும் மட்டும் குளத்தில் குடிக்கட்டும். நடக்கத் தெம்புள்ளவர்கள் மலையைத் தாண்டி ஆற்றுக்குப் போவோம். நானும் நடக்கிறேன்" என்றாள். சிங்கராஜா கர்ஜித்தார்.

வெயிலில் மலை ஏறுவது என்றால் சும்மாவா? எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டேதான் நடந்தார்கள்.

குளத்துக்குக் காவல் நீர் அமைச்சரான நரி. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, அது தன் உறவுக்காரர்களைக் கூட்டிவந்து வயிறு முட்டக் குடிக்கவைத்தது. வேழம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நரியாரே, நீங்கள் இனி அமைச்சர் இல்லை. குளத்தை நீர்நாய் பார்த்துக்கொள்ளும்" என்றாள்.

நரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"பன்றியண்ணே, நான் பிரதமரானால் குளத்தில் முதல் வாய் தண்ணீர் உங்களுக்குத்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!"

பிறகு எருமையிடம் போனது. "எருமையக்கா, முதல் வாய் உங்களுக்குத்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!" கரடியிடமும் குரங்கிடமும் இதே பாட்டு. கடைசியில் மானிடமும் வந்தது. "தங்கச்சி, உன் குட்டிக்குத்தான் முதல் வாய்!"

"என் குட்டிதான் இப்போதே குடிக்கிறதே!" என்றது மான். ஒரே ஓட்டமாக ஓடிப்போய் வேழம்மாளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலையில் சபை கூடியது. நரி தனியாக ஒரு பக்கம் போய் நின்றது. பன்றி மெல்ல நழுவி அதன் பின்னால் போனது. எருமை போனது. கரடி, குரங்கு என்று ஒவ்வொருவராகப் போனார்கள். வேழம்மாளின் பின்னால் மானும் சில தாய்களும்தான் மிச்சம்.

சிங்கராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. "பிரதமரே, 'எல்லாரும் குளத்தில் குடிக்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போதே கர்ஜிக்கிறேன். பதவி பிழைக்கும்" என்றார்.

"பதவி பிழைக்கும் ராஜா, குட்டிகள் பிழைக்காதே!" என்றாள் வேழம்மாள்.

என்ன நெஞ்சுரம் பாருங்கள்! பிறகு அவள் நரியின் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"சரி, உங்கள் விருப்பம். நான் விலகிக்கொள்கிறேன். ஆனால் குளம் சின்னது. எல்லாரும் ஒன்றாக இறங்கினால் சேறுதான் மிஞ்சும். யாருக்கு முதல் வாய் என்று நரியார் வாக்குக் கொடுத்தாரோ, அவர் வெட்கப்படாமல் முன்னால் வரட்டும்."

பன்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தது. "நான்தான்!"

"நீயா? எனக்கல்லவா சொன்னார்!" என்று எருமை முட்டிக்கொண்டு வந்தது.

"அட, எனக்கு!" என்றது கரடி. "ஐயோ, எனக்கு!" என்று குரங்கு குதித்து வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? தள்ளுமுள்ளு, கூச்சல்!

நரி திரும்பிப் பார்த்தது. அதன் பின்னால் ஈ காக்கை இல்லை. எல்லாரும் முன்னால் வந்து நின்று அதையே முறைத்தார்கள்.

"ஏன்யா நரி, ஒரு குளத்தில் எத்தனை பேருக்கய்யா முதல் வாய்?" என்று உறுமியது பன்றி.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் ஓடி மறைந்தது.

விலங்குகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேழம்மாளின் பின்னால் வந்து நின்றன. யார் முதலில் வந்தது, யார் கடைசியில் வந்தது என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெயில் ஏறுகிறது, கிளம்புங்கள்! பன்றியாரே, முதலிடம் கேட்டீர்களே! மலைப்பாதையில் முதல் ஆளாக நடங்கள்" என்றாள்.

பன்றி அசடு வழிந்துகொண்டே முன்னால் நடந்தது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். சிங்கராஜாவும் பாறையிலிருந்து இறங்கி வரிசையில் சேர்ந்துகொண்டார். மழை வரும்வரை அந்தக் காட்டில் ஒரு குட்டிகூடத் தாகத்தால் சாகவில்லை.

நீதி: எல்லாருக்கும் முதலிடம் தருவேன் என்பவனை நம்பாதே, பதவியே போனாலும் எளியவரைக் கைவிடாதவரே நல்ல தலைவர்.