ஓடை தாண்டிய சிரிப்பு

ஒரு காட்டில் கரடி ஒன்று ராஜாவாக இருந்தது. தேன் இல்லாமல்கூட இருந்துவிடும், மதியத் தூக்கம் இல்லாமல் இருக்காது. அதனால் ஒரு சட்டம் போட்டது: "உச்சி வேளையில் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் இறகையும் ரோமத்தையும் பிடுங்கிவிடுவேன்."

பாவம், தவிட்டுக்குருவி என்ன செய்யும்? அதற்கு இலை ஆடினாலே சிரிப்பு வரும். ஓடைக்கு அக்கரையில் வேறு காடு இருந்தது. அங்கே நம் ராஜாவின் மனைவி ராணிக் கரடியின் அப்பாதான் ராஜா. "உச்சி வேளையில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அப்போதுதான் தின்றது செரிக்கும்" என்பது அந்தக் காட்டுச் சட்டம். குருவி தினமும் மதியம் அக்கரைக்குப் பறந்து போய், ஆசை தீரச் சிரித்துவிட்டுத் திரும்பும்.

இது ராஜாவின் காதுக்கு எட்டியது. "அக்கரையில் நமக்கு அதிகாரம் இல்லையே" என்று பல்லைக் கடித்தது.

பிடித்தால் விடாத காவல்கார உடும்பு முன்னால் வந்தது. "இருக்கிறது ராஜா. எல்லை கடந்த அதிகாரம் என்று அதற்குப் பேர். நம் காட்டில் பிறந்தவர்கள் எங்கே போனாலும் நம் சட்டமும் கூடவே போகும்."

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "போடு அந்தச் சட்டத்தை" என்றது.

மறுநாள் சிரித்துவிட்டுத் திரும்பிய குருவி பிடிபட்டது. விசாரணை அடுத்த நாள், ராஜா தூங்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்பு நடந்தது. இறகு போனால் பறக்க முடியாது. பறக்க முடியாத குருவியைப் பாம்பு சும்மா விடுமா?

"ராஜா, ஒரு சந்தேகம்" என்றது குருவி. "இந்த எல்லை கடந்த அதிகாரம் உங்களுக்கு மட்டும்தானா? உங்கள் மாமனாருக்குக் கிடையாதா?"

ராஜா ராணியை ஓரக்கண்ணால் பார்த்தது. மாமனாரைக் குறைத்துப் பேசிவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? "அவருக்கும் உண்டு. அவர் காட்டில் பிறந்தவர்கள் இங்கே இருந்தாலும் அவர் சட்டம் கூடவே வரும்" என்று பெரிய மனதோடு சொன்னது.

பலாச்சுளை தின்றுகொண்டிருந்த ராணி நிமிர்ந்தது. "என்னங்க, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் அங்கே பிறந்தவள் ஆயிற்றே." அண்ணாந்து பார்த்தது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. "அப்பா சட்டத்தை நான் எப்படி மீறுவேன்?"

சொல்லிவிட்டு ராணி சிரித்தது பாருங்கள், பலாமரமே குலுங்கியது. ராணியின் கல்யாணச் சீரோடு வந்த குரங்குகளும் அக்கரையில் பிறந்தவைதானே, அவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. ராஜா குகைக்குள் ஓடியது. சிரிப்பும் பின்னாலேயே போனது. மரப்பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தது. அங்கேயும் கேட்டது.

"கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கக் கூடாதா?" என்று கெஞ்சியது ராஜா.

"வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்பதுதானே சட்டம்" என்று ராணி விக்கலுக்கு நடுவே சொன்னது.

"எல்லோரையும் பிடிக்கட்டுமா ராஜா?" என்று உடும்பு கேட்டது.

"முதலில் அந்தக் குருவியை விடு" என்று ராஜா காதைப் பொத்திக்கொண்டு கத்தியது. "எல்லை கடந்த அதிகாரம் ரத்து. அவரவர் சட்டம் அவரவர் காட்டோடு நிற்கட்டும்."

உடும்பு மனமில்லாமல் பிடியை விட்டது. ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் நான் அக்கரைக்குப் போய்ச் சிரிக்கலாம், இல்லையா?" என்று கேட்டது.

"போ தாயே, போய்ச் சிரி" என்றது ராஜா.

குருவி ராணியின் தலையில் ஏறிக்கொண்டது. குரங்குகள் பின்னால் வர, எல்லோரும் ஓடையைத் தாண்டிப் போய் மிச்சச் சிரிப்பைச் சிரித்துத் தீர்த்தார்கள்.

நீதி: அடுத்தவர் இடத்தில் உன் அதிகாரத்தை நீட்டினால், உன் இடத்தில் அவர் அதிகாரத்தையும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.