ஒற்றைத் தலைக்கட்டு காத்தாயி அம்மையார்

மலேசியாவின் கிழக்குக் கரையில், கடலோரப் பசாரில், அதாவது சந்தையில், மீன் கழுவி வயிறு வளர்த்தவர் காத்தாயி அம்மையார். விடிந்ததும் போனால் நண்பகல் வரை செதில் சுரண்டுவார், குடல் எடுப்பார். பிறகு வீடு வந்து சீயக்காய் தேய்த்துத் தலைமுழுகி, ஈரப்புடவை உலருமுன் மாரியம்மனிடம் போய்விடுவார். கோயில் என்றதும் ராஜகோபுரத்தைத் தேடாதீர்கள். பழைய ரப்பர்த் தோட்டத்து மூலையில் நாலு கால், ஒரு தகரக் கூரை, உள்ளே ஒரு முழ உயரக் கருங்கல் அம்மன். பக்கத்து வீட்டு மலாய்க்கார ரொக்கியாவின் வேலியில் பூத்த செம்பருத்திதான் அலங்காரம்.

ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் நூறு குடும்பங்கள் இருந்தன. தோட்டம் கைமாறியதும் அத்தனை பேரும் நம்மவர்கள் திரளாக வாழும் மேற்குக் கரைக்கு, பேராக், சிலாங்கூர் என்று மூட்டை கட்டிவிட்டார்கள். லாரியில் தையல் மிஷின் ஏறியது, கோழிக்கூடு ஏறியது. ஆத்தாவிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எவனுக்கும் நேரமில்லை. பக்திமான்கள்! கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாத அம்மையார் மட்டும் லாரியில் ஏற மறுத்தார். “எல்லாரும் போய்ட்டா விளக்கேத்த யாரு இருக்கா?” என்றார். பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இருபது வருடம் கழித்துத்தான் தலைநகரத்துச் சங்கம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் நினைவு வந்தது. அதன் தலைவர், அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய வைரக்கண்ணு, தம் பெயர் பொறித்துப் பளிங்குக் கோயில் ஒன்று கட்டியிருந்தார். அதில் வைக்கப் பழைய தோட்டத்துச் சாமிகள் வேண்டுமாம். அதற்காக நாட்டில் இந்துக்கள் எங்கே எத்தனை பேர் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். தலைக்கட்டு ஒன்றுக்கு ஒரு பச்சைப் புள்ளி; புள்ளியே இல்லாத ஊர்ச் சாமியைத் தூக்கி வந்துவிடலாம் என்று தீர்மானம். தலைக்கட்டு என்றால், அவர்கள் கணக்கில், ஆம்பளை தலைமையில் இருக்கும் குடும்பம்.

கணக்கெடுக்கச் செயலாளர் வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“வீட்டு ஆம்பள யாரு?”

“செத்துப் போய்ட்டாருங்க.”

“மகன்?”

“இல்லீங்க. நான் ஒருத்திதாங்க. நானும் சாமி கும்பிடுற ஆளுதாங்க.”

“அதெல்லாம் கணக்குல வராதும்மா,” என்று சொல்லி, ஊருக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டுப் போனார் அந்த மகானுபாவர். வரைபடத்தின் கிழக்குக் கரையில் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. டத்தோ வந்தார், பட்டு வேட்டி வந்தது, போட்டோ பிடிக்கிறவர் வந்தார். அம்மையார் பசாரிலிருந்து அப்படியே ஓடிவந்து படியில் விழுந்தார்.

“ஐயா, எனக்குன்னு இருக்கறது ஆத்தா ஒருத்திதாங்க. கொண்டு போயிறாதீங்க.”

“மீன் நாத்தத்துல சாமி கெடக்குறா. நாங்க ஏசி போட்டு வைக்கப்போறோம். தள்ளும்மா,” என்றார் டத்தோ. என்ன கருணை!

ஆனால் கூட வந்த பூசாரி சங்கிலியாண்டி தோட்டத்து வம்சம். பழைய முறை தெரிந்தவர். அம்மனைப் பெயர்க்குமுன் பூக் கேட்க வேண்டும். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் வர உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் வரமாட்டாள்.

“நான் கேக்குறேன்,” என்று டத்தோ முன்னே வந்தார்.

“நீங்க கோலாலம்பூர்த் தலைக்கட்டுங்க. இந்த ஊர்த் தலைக்கட்டு கேட்டாத்தான் செல்லும்,” என்றார் பூசாரி.

“இந்த ஊர்ல தலைக்கட்டே இல்லன்னு நாமதானே எழுதிட்டோம்!” என்று செயலாளர் விழித்தார். தாங்கள் போட்ட பூஜ்யத்திலேயே தடுக்கி விழுந்து பெரிய மனிதர்கள் நின்ற கோலம் இருக்கிறதே, அடடா!

டத்தோவுக்கு எரிச்சல். “அந்தப் பொம்பளையவே கேக்கச் சொல்லுய்யா. இன்னிக்கு ஒரு நாளு தலைக்கட்டா இருந்துட்டுப் போவட்டும்.”

ஆத்தா போக மாட்டாள் என்று அடித்துச் சொல்ல அம்மையாரால் முடியவில்லை. தகரக் கூரை ஒழுக்கலும், எண்ணெய் இல்லாத நாட்களில் இருட்டும் தவிர நாம் என்ன கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் பொய்யாகக் கேட்க அவருக்குத் தெரியாது. செம்பருத்தியை அம்மன் தலையில் வைத்தார்.

“ஆத்தா, அங்க பளிங்குத் தரை, ஆறு வேளை பூசையாம். உனக்குப் போக ஆசைன்னா போயிரு தாயி. நான் அழமாட்டேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பூ இடப்பக்கம் விழுந்தது.

“காத்துல விழுந்துருச்சி! இன்னொரு தடவ!” என்றார் டத்தோ. நாலு பேரைச் சுற்றி நிறுத்திக் காற்றை மறைத்தார்கள். மறுபடியும் இடப்பக்கம். மூன்றாம் முறை வைத்த பூ இடத்தோளில் நழுவி, விரித்திருந்த அம்மையாரின் முந்தானையில் வந்து விழுந்தது. போட்டோ பிடிக்கிறவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

பூசாரி, டத்தோவுக்கென்று கொண்டுவந்த பட்டுப் பரிவட்டத்தை எடுத்தார். அதுவரை எந்த விதவையும் காணாத மரியாதை அது. மீன் செதில் ஒட்டியிருந்த அந்த நரைத்த தலையில் கட்டினார்.

“ஆத்தாளே சொல்லிட்டா. இந்த ஊர்த் தலைக்கட்டு இந்த அம்மாதான். எழுதிக்குங்க.”

செயலாளர் பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதினார். லாரி வெறுமையாகத் திரும்பியது. அம்மையாரோ பரிவட்டத்தோடே குடத்தை எடுத்துக்கொண்டு அம்மனுக்குத் தண்ணீர் மொண்டுவரப் போனார்.

மேற்கில் புள்ளிகள் ஆயிரமாயிரம் இருக்கட்டும். கிழக்கே தனியாக நின்ற அந்த ஒரு புள்ளியின் திருவடி நம் தலைமேல் இருப்பதாக.