கெம்பம்மா பிடிச்சு வச்ச களி

சின்னபையனுக்கு வயசு அம்பத்திரெண்டு. பேருலதான் பையன். முப்பது வருசமா முதுகுல டப்பாவைக் கட்டிக்கிட்டு ஊர்க்காட்டுக்கெல்லாம் மருந்து அடிச்ச ஆளு. இப்ப ட்ரோன் ஓட்டப் பழகுறான். பழக்குறது மாதேவி. அவளுக்கு இருபத்தெட்டு. இவன் மக வயசு. ஆனாலும் "வாத்தியாரம்மா"ன்னுதான் கூப்பிடுவான்.

அன்னிக்குக் காலையில முதல் தடவையா தனியா ஓட்டுனான். ஒரு ஏக்கர் தக்காளி. ஏழு நிமிசம். வேப்பமரத்து நிழல்ல நின்னுக்கிட்டே ஓட்டிட்டான். பக்கத்துல வச்ச டீ கூட ஆறல.

பக்கத்துக் காடு கெம்பம்மாவோடது. மல்பெரி. மத்தியானம் அந்தத் தழையை அறுத்துப் பட்டுப்புழுவுக்குப் போட்டுச்சு. மேல் தட்டுக்கெல்லாம் போட்டுட்டு, தண்ணி குடிச்சுட்டு வந்து பாத்தா, அந்தத் தட்டுப் புழு அத்தனையும் நெளியுது, வாந்தி எடுக்குது, சாவுது. கூடு கட்ட மூணே நாள் இருந்துச்சு.

அந்தம்மா வந்த வேகத்துல வழியில இருந்த கோழியெல்லாம் வேலியில ஏறிருச்சு.

"எங்கய்யா அந்த பைலட்டு?"

சின்னபையன் போனை நீட்டுனான். "யக்கா, மெஷின் மேப்புல போட்ட கோட்டைத் தாண்டல. மேப்பைப் பாரு."

"மேப்பை நான் பாக்குறேன். இதை நீ பாரு!" மடியை உதறுச்சு. செத்த புழு அவன் கால்ல விழுந்துச்சு.

அவனுக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. வாத்தியாரம்மா பக்கம் திரும்புனான்.

"நீங்களே சொல்லுங்க. ஒரு அடியாவது தாண்டிருக்கா? என் மேல என்ன தப்பு?"

மாதேவி மேப்பைப் பாத்தா.

"தாண்டல."

"கேட்டியாக்கா!"

கெம்பம்மா குனிஞ்சு ரெண்டு கையிலயும் மண்ணை வாருச்சு. தூத்துறதுக்குள்ள மாதேவி கையைப் பிடிச்சா.

"கொஞ்சம் இருங்கக்கா. அண்ணே, சாப்டாச்சா?"

"சாப்பாடு ஒண்ணுதான் கேடு! இன்னும் இல்ல."

"என்ன கொண்டு வந்தீங்க?"

"களியும் கீரைக் கடைசலும்."

அவன் சோத்து டப்பாவை வாங்கிட்டுப் போனா. வரப்பைத் தாண்டி மல்பெரிப் பக்கம் ஒரு கல்லு மேல வச்சு, மூடியைத் தொறந்து விட்டா. திரும்பி வந்து ரிமோட்டை அவன் கையில திணிச்சா.

"டாங்க்ல மீதி மருந்து இருக்கு. அதே கோடு. அதே உயரம். ஓட்டுங்க."

சின்னபையன் ஓட்டல. அவன் தோள் துண்டு நுனி காத்துல மல்பெரிப் பக்கமா ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"ஏன்ணே? பசிக்கலையா?"

"களியில மருந்து பட்டுருமே!"

"கோட்டைத் தாண்டாதே?"

துண்டு நுனியை இழுத்துப் பிடிச்சான்.

"முதுகுல டப்பா தூக்குன காலத்துல இந்தக் காட்டுக்கு எப்படி அடிப்பீங்க?"

"மொத நாளே அக்கா வீட்டுக்குப் போயிருவேன். 'நாளைக்கு அடிக்கிறேன், வேணும்கிற தழையை அறுத்து வச்சுக்கோ'ன்னு சொல்லுவேன்."

"நேத்து?"

"ஏழு நிமிச வேலைக்கு எதுக்குன்னு..."

ரிமோட்டைக் கீழ வச்சான்.

"கீழ் தட்டுப் புழு இன்னும் உசுரோட இருக்கு"ன்னுச்சு கெம்பம்மா. கையில மண்ணு அப்படியே இருந்துச்சு. "தலையைத் தூக்கித் தூக்கித் தேடுது. எதைப் போடட்டும்? சொல்லுய்யா, எதைப் போடட்டும்?"

சின்னபையன் களியை எடுக்கப் போனான். மாதேவி முந்திக்கிட்டா. மூடியைப் போட்டு, கெம்பம்மா கையில இருந்த மண்ணைத் தட்டி விட்டுட்டு, டப்பாவைக் குடுத்துட்டா.

"வாத்தியாரம்மா! அது என் சோறு!"

"மேலூர்ல மல்பெரி இருக்கு. கேட்டு அறுத்துட்டு வரணும்."

அவனுக்கு மூஞ்சி செவந்துச்சு. "கோட்டைப் போட்டது யாரு? நீங்கதானே! காத்தைப் பாருன்னு சொன்னீங்க, பக்கத்துக் காட்டைக் கேளுன்னு சொன்னீங்களா? எனக்குப் பட்டினி, உங்களுக்குச் சோறா?"

மாதேவி வண்டிக்குப் போயி தன்னோட டிபன் பாக்ஸை எடுத்துட்டு வந்தா. அதைக் கெம்பம்மா கையில இருந்த களி டப்பா மேல வச்சா.

வச்சுட்டு அருவாளை அவன்கிட்ட நீட்டுனா.

"மொதல்ல புழு தின்னட்டும். வண்டியை எடுங்கண்ணே."