ஈரப்பலா விதை இழந்த பயணம்

மரங்களுக்கும் பறவைகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பெருங்கடலின் மேற்குப் பக்கத்தில் லாகுவா என்றொரு தீவு இருந்தது. சீமைப்பலா என்கிறோமே, அந்த ஈரப்பலாவுக்கு அப்போது விதை உண்டு. பலாவைப் போலவே அதன் பழத்திலும் சுளைக்கொரு கொட்டை இருக்கும். பழம் விழுந்து அழுகினால் போதும், மரத்தடியெங்கும் கன்றுகள் முளைத்துக் கிடக்கும்.

மனிதர்களின் உடம்பும் அப்போது வேறு மாதிரி. தாய் தந்ததும் தந்தை தந்ததும் பிள்ளைக்குள் முழுக்கக் கலந்துவிடும். எந்த இழை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே 'நீ யார் பிள்ளை' என்று யாராவது கேட்டால் எல்லோரும் தந்தையின் பெயரைச் சொல்லிவைத்தார்கள்.

லாகுவாவின் நடுவில் ஒரு மலை. ஒரு பருவத்தில் அது புகையத் தொடங்கியது. மூன்று மாதம் சாம்பல் மழை. சேம்புக் கொல்லைகள் கருகின, ஊற்றுநீர் கசந்தது. ஓடைக் கரையில் வலை காயப்போடப் போன சினாலேயின் கணவன் மண்சரிவில் புதைந்துபோனான். அவளுக்கு ஏழு வயதில் வேயா என்று ஒரு மகள். அதன் பிறகுதான் சினாலேயின் அண்ணன் கவேகா முடிவெடுத்தான். அந்தத் தீவில் அவனை விஞ்சிய கடலோடி கிடையாது.

"மேல்காற்று எழும்பும்போது கிளம்புகிறோம்" என்றான். "கிழக்கே."

"கிழக்கே யாரும் போனதில்லையே அண்ணா."

"அதனால்தான் அங்கே இடம் இருக்கும்."

இரண்டு நீள ஓடங்களைப் பலகை போட்டு இணைத்து, நடுவில் ஓலைக் குடிசை வைத்து ஓர் இரட்டைத் தோணி கட்டினார்கள். பதினெட்டுப் பேர் ஏறுவதாக ஏற்பாடு. பாயும் கயிறும் ஆண்கள் பொறுப்பு. போய்ச் சேரும் மண்ணில் எதை நடுவது என்பது பெண்கள் பொறுப்பு. அது சினாலேயின் கைக்கு வந்தது.

சேப்பங்கிழங்கு, வாழைக்கட்டை, கரும்புத் துண்டு எல்லாம் எடுத்துவைத்துவிட்டுக் கடைசியாக அவள் ஊரின் மூத்த ஈரப்பலா மரத்திடம் போனாள். சாம்பல் படிந்து அதன் இலைகள் வெளுத்திருந்தன.

"வருகிறாயா?" என்று கேட்டாள்.

"நான் எங்கே வருவது? என் பிள்ளைகளைக் கூட்டிப் போ" என்றது மரம். "இரண்டு விதமாகத் தருகிறேன். ஒரு கூடை விதை. அவை கனமில்லை, தண்ணீர் கேட்காது. அப்புறம் என் வேரிலிருந்து ஒரு கன்று. அது என் உடம்பிலேயே ஒரு துண்டு. அதற்குத் தினமும் நல்ல தண்ணீர் வேண்டும்."

"இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன்."

"ஒன்றே ஒன்று சொல்கிறேன். விதையைத் தின்னாதே. நடுவதற்குக் கொடுத்ததைத் தின்றுவிட்டால் பிறகு என் இனத்துக்கு விதையே இருக்காது."

சினாலே சரி என்றாள். வேர்க்கன்றை ஈரத் தேங்காய் நாரில் சுற்றிக் குடிசைக்குள் நிழலில் வைத்தாள். விதைக் கூடையை உயரத்தில் கட்டினாள்.

பதினாறு நாள் மேல்காற்று நன்றாக வீசியது. பதினேழாம் நாள் பாய் தொங்கிப்போயிற்று. பிறகு கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழும்பி எதிரே அடித்தது. முன்னேறவும் முடியவில்லை, திரும்புவதற்கும் அங்கே ஒன்றும் இல்லை. இருபத்தைந்தாம் நாள் கொண்டுவந்த மாவுருண்டை தீர்ந்தது. தூண்டிலில் எதுவும் கடிக்கவில்லை. நடுவதற்கென்று வைத்த கிழங்கையும் கரும்பையும்கூட ஒவ்வொன்றாகத் தின்றார்கள். மழை பெய்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்றாலும் அளந்துதான் குடித்தார்கள். சினாலே தன் பங்குச் சிரட்டையில் பாதியைக் கன்றுக்கு ஊற்றினாள். அவள் உதடு வெடித்திருந்தது.

கவேகாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ரோகோவுக்குப் பத்து வயது. இளையவன் தாமூவுக்கு நான்கு. முப்பத்தோராம் நாள் காலையில் தாமூ எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. அவன் தாய் மெயாரி அவனை மடியில் போட்டுக்கொண்டு தலைக்கு மேலே தொங்கிய கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சினாலே குடிசைக்குள் போய்க் கன்றின் அருகில் குனிந்தாள்.

"உன் தாய் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் இனி வேறு வழி தெரியவில்லை."

கன்று சொன்னது: "தின்னுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடக்கப்போவது நடக்கும். எங்களுக்கு இனி விதை இருக்காது. தாயின் வேரிலிருந்து பிரிந்துதான் பிறப்போம். எங்கள் கடைசி விதையைத் தின்றவர்களின் உடம்பிலும் அதே வழி ஒட்டிக்கொள்ளும். தாய் தந்த இழை ஒன்று யாரோடும் கலக்காமல் தனியே நிற்கும். தாய் அதை மகனுக்கும் கொடுப்பாள், மகளுக்கும் கொடுப்பாள். மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனால் கொடுக்க முடியாது. அவனோடு அது நின்றுவிடும்."

சினாலே வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி அதை அப்படியே சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

கவேகா சுக்கான் துடுப்பை விடாமலே பேசினான். "எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். உனக்குத்தான் மகள் இருக்கிறாள்."

"தெரியும் அண்ணா."

"அப்படியானால் உன் வழி போய்க்கொண்டே இருக்கும். என் வீட்டில் வந்தது என் பிள்ளைகளோடு அறுந்துபோகும். இதற்கு நான் சம்மதிக்க வேண்டுமா? இன்னும் இரண்டு நாள் பொறு. காற்று மாறும்."

"உன் பிள்ளைக்கு இரண்டு நாள் இல்லை."

"என் பிள்ளையைப் பற்றி நீ முடிவு செய்யாதே!"

மெயாரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எந்த இழையோடாவது இருக்கட்டும். எனக்குப் பிள்ளை வேண்டும்" என்றாள். குரல் எழவேயில்லை, காற்றுதான் வந்தது.

கவேகா பதில் சொல்வதற்குள் சினாலே கூடையை இறக்கிவிட்டாள். மண் பூசிய அடுப்பில் கணப்பு இருந்தது. ஒரு கொட்டையைச் சுட்டு, தோலுரித்து, தன் வாயில் மென்று குழைத்து, தாமூவின் நாக்கில் தடவினாள். முதலில் அது கடைவாய் வழியே வழிந்துவிட்டது. இரண்டாவது முறை தொண்டை அசைந்தது.

பிறகு எல்லோருக்கும் பகிர்ந்தாள். தன் மகளுக்குக் கடைசியில்தான் கொடுத்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

கவேகா தன் பங்கைத் தொடவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தான். மூன்றாம் நாள் துடுப்பு அவன் பிடியிலிருந்து நழுவியது, தோணி அலைக்குக் குறுக்கே திரும்பியது. அவன் கையை நீட்டி இரண்டு கொட்டைகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் தின்பதைப் பார்க்காத மாதிரி பதினேழு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

நான்கு நாளில் கூடை காலியாயிற்று. ஐந்தாம் நாள் மதியம் ஒரு வெள்ளை ஆலாப் பறவை பாய்மரத்தைச் சுற்றி வந்தது. கவேகா தலையை நிமிர்த்தி, "எங்கே தங்குகிறாய்?" என்று கத்தினான்.

"மண்ணில்தான். தண்ணீரில் யார் தூங்குவார்கள்?" என்றது ஆலா. "வயிறு நிறைந்ததும் திரும்புவேன். பின்னாலேயே வாருங்கள்."

வெயில் சாயும்போது அது வாயில் மீனோடு தென்கிழக்கே பறந்தது. கவேகா அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் பொழுது விடிந்தபோது முன்னே பச்சையாக ஒரு மலை தெரிந்தது. பதினெட்டுப் பேரும் கரையேறினார்கள். தாமூவைத் தோளில் சுமந்து இறங்கியவன் கவேகாதான்.

சினாலே வேர்க்கன்றை ஓடைக்கரையில் நட்டாள். நான்காம் வருடம் அது காய்த்தது. முதல் பழத்தை அவளே அறுத்தாள். உள்ளே வெள்ளையாக, மாவாக, ஒரு கொட்டைகூட இல்லாமல் இருந்தது. அவள் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். மரம் அவளைக் குறை சொல்லவில்லை. அடிவேரில் மூன்று புதுக் கன்றுகள் விட்டிருந்தது.

கவேகா தங்கையிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினான். மற்றபடி இல்லை. அப்படியே பன்னிரண்டு வருடம் போயிற்று. இதற்கிடையில் ரோகோ வளர்ந்தான், வேயா வளர்ந்தாள். மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். தடுக்க யாருக்கும் காரணம் இல்லை. அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது.

குழந்தையைப் பார்க்க வந்த கவேகா வாசலிலேயே நின்றான்.

"உன் பேத்தி அண்ணா" என்றாள் சினாலே.

"முகம் பேத்தி. உள்ளே இருக்கும் இழை ரோகோவுடையது இல்லையே."

"இல்லைதான். வேயாவுடையது."

"அதாவது உன்னுடையது. நீ ஜெயித்துவிட்டாய்."

சினாலே குழந்தையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "எனக்கு அது யார் கொடுத்தது?"

கவேகா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றான்.

"உனக்கு?"

அவன் உட்கார்ந்துவிட்டான். சாம்பலுக்கு அடியில் லாகுவாவில் கிடக்கும் தாயின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தன்னோடு நின்றுபோன இழை தங்கை வழியாகச் சுற்றித் தன் மடிக்கே வந்திருக்கிறது என்று அவனுக்கு விளங்கியது. குழந்தை அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம்வரை அவன் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ரோகோ இன்னும் கிழக்கே போகத் தோணி கட்டினான். கிளம்பும் நாளில் கவேகா தன் கையாலேயே மரத்தடியைத் தோண்டி, ஒரு வேர்க்கன்றைப் பிரித்து, நாரில் சுற்றினான். மகன் கையை நீட்டினான். கவேகா அவனைத் தாண்டிப் போய் வேயாவிடம் கொடுத்தான்.

"தினமும் தண்ணீர் ஊற்று" என்றான்.

தோணிகள் தீவு தீவாகப் போய்க்கொண்டே இருந்தன. ஈரப்பலா விதையில்லாமல் தாய்வேரிலிருந்தே பிறப்பதும், தாயின் இழை மகனோடு நின்று மகளோடு தொடர்வதும் அந்தக் கூடை காலியான நாள் முதல்தான். மொழி மாறி, முகம் மாறி, கடலின் இரு முனைகளில் வாழ்ந்தவர்கள் ஒரு கரையில் சந்திக்கும்போது, தந்தையின் பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, "உன் தாயின் தாய் யார்?" என்று முதலில் கேட்பதும் அதிலிருந்துதான்.